பழைய தண்ணீர்

எங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி கதவைத் திறக்கும் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. சிவகாசியில் அவர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்த காலம் முழுவதும், முற்றத்தில் ஈரக் கால்தடத்தைப் பார்த்துத்தான் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

விஸ்வநத்தம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு அவர் ஃபோர்மேன். வேலை முடிந்து வந்ததும் வாசல் தொட்டியில் முழங்கை வரை கழுவுவார். நகக்கண்ணில் ஒட்டிய அலுமினியப் பொடியை வேப்பங்குச்சியால் எடுப்பார். செருப்பை உதறிவிட மாட்டார். குனிந்து கையால் எடுத்து வைப்பார். நாற்காலியை இழுக்க மாட்டார், தூக்கித்தான் நகர்த்துவார். என் மகன் பால் சங்கையோ கிண்ணத்தையோ தட்டிவிட்டால், சத்தம் வந்த திசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். அதில் கோபம் இருக்காது. எதுவும் பற்றிக்கொள்ளவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வது போல இருக்கும்.

மருந்து அறையில் ஓடக்கூடாது, பாத்திரத்தை உரசக்கூடாது, எதையும் எதிலும் சட்டென்று கொட்டக்கூடாது. அந்த ஒழுங்கை அவர் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரவில்லை. அவர் அறையில் ஒரு தீப்பொறி பறந்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும். "அவுககிட்ட வேலைக்கு அனுப்புனா ஆளு முழுசா வீட்டுக்கு வந்துரும்" என்று பெண்கள் சொல்வார்கள். என் கணவர் லித்தோ பிரஸ்ஸில் கணக்கு எழுதுகிறவர். ஆட்களைச் சுலபத்தில் புகழாதவர். அவரே, "தங்கமான மனுசன் வீட்டுல குடியிருக்கோம்" என்பார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஒரு வருடம்கூட வேலை பார்க்காமல், குழந்தை பிறந்து வீட்டோடு நின்றவள் நான். பால் புட்டியை வெந்நீரில் போட்டு எடுத்த பிறகும் மறுபடி போடுகிறவள். அவசரமில்லாத ஒரு மனிதர் வீட்டின் முன்கட்டில் இருப்பது எனக்குத் தைரியமாக இருந்தது.

அவருடைய முன்னறையில், வெயில் விழாத மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தேக்குச் சட்டத்தில் தடித்த கண்ணாடியைப் பதித்து, இடுக்குகளில் தண்ணீர் கசியாமல் கீல் பூசி, அவரே செய்தது. அதில் இருந்தது கடல் தண்ணீர். சிவகாசியில் நாங்கள் குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்து நிற்கிறவர்கள். அவர் வீட்டு மூலையில் ஒரு துண்டுக் கடல் இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிப்போகும் லாரி, திரும்பி வரும்போது பெரிய கண்ணாடி ஜாடிகளில் அவருக்காகக் கடல் தண்ணீர் கொண்டுவரும். கூடவே ஈரச் சாக்கில் சுற்றிய, இரைக்கான மட்டிச் சிப்பிகள். தொட்டியைச் சுற்றி நனைத்த கோணி. பழைய லாரி டியூபில் காற்றை அடைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயைத் தண்ணீருக்குள் விட்டிருப்பார். கிளிப்பைத் தளர்த்தினால் குமிழ் குமிழாகக் காற்று ஏறும். இவ்வளவும் ஒரே ஒரு நட்சத்திர மீனுக்காக.

தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்ட் வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தாராம். "எம்புட்டு நிதானம் பாருங்க டீச்சரம்மா. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போக அதுக்கு அரைநாள் ஆகும். ஒருத்தரையும் அவசரப்படுத்தாது" என்றார். அவர் எதையாவது ஆசையாகப் பேசி நான் கேட்டது அதைப் பற்றி மட்டும்தான்.

ஒன்று செத்து, புது மீன் வரும் நாளில் அவர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிடுவார். மீன் ஓர் எனாமல் வாளியில், அதன் ஊர்த் தண்ணீரிலேயே வரும். வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, முதலில் சும்மா விட்டுவிடுவார். "மொதல்ல இந்த வீட்டுச் சூடு ஏறட்டும்." அப்புறம் தொட்டியிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து, வாளியின் ஓரமாக வழியவிடுவார். காத்திருப்பார். வாளியிலிருந்து அதே அளவு தண்ணீரை மொண்டு முற்றத்தில் கொட்டுவார். மறுபடி தொட்டியிலிருந்து ஒரு கோப்பை. மறுபடி காத்திருப்பு. காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

"அந்தத் தண்ணியோடயே உள்ள விட்டா என்ன அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பழைய தண்ணி தொட்டிக்குள்ள ஒரு சொட்டுப் போகக்கூடாது. அதுல என்ன அழுக்கு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதுக்காக ஒரேயடியா மாத்துனா உயிரு தாங்காது. அதுக்கே தெரியாம மாத்தணும். கடைசியில பாத்தா வாளியில இருக்குறது பூராம் நம்ம தண்ணியாத்தான் இருக்கும்."

முடிவில் வாளியையே தொட்டிக்குள் அமிழ்த்திச் சாய்த்துப் பிடிப்பார். மீனின் மேல் காற்றுப் படக்கூடாது. அது வாளியைப் பற்றிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க மாட்டார். "பிச்சு எடுத்தா காலு அறுந்துரும். அதாத்தான் விடணும்." அது தானாக விடும்வரை கை மரத்துப்போனாலும் அப்படியே நிற்பார். இடுப்பில் பிள்ளையோடு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி ஒரு கையில் வளர்கிற பிள்ளை கொடுத்து வைத்தது என்று அப்போது நினைத்தேன்.

அவருடைய முதல் மனைவி நாங்கள் அங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே இறந்துபோயிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்குத் தூத்துக்குடி. தகப்பனார் இல்லை, கடற்கரைக்குப் போகிற தெருவில் அம்மா இட்லிக் கடை வைத்திருந்தாள். இருபது வயதுகூட ஆகாத, வாய்விட்டுச் சிரிக்கிற பெண். சிரித்தால் எங்கள் கட்டு வரைக்கும் கேட்கும்.

வந்த அன்று அவர் என்னிடம், "டீச்சரம்மா, புதுசா வந்த பிள்ள. எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிராதீக. மெல்லப் பழகட்டும்" என்றார். சமையலறைக்குள் அவளை விடவே இல்லை. சில வாரம் அவரே சோறு பொங்கி அவளுக்குப் போட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். விருதுநகரில் என் மாமியார், தாலி ஏறிய மறுநாள் விடிகாலையில் என்னை அடுப்படியில் விட்டுவிட்டு, எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

கடல் தண்ணீர் வரும் நாளில் அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் வாசலுக்கு ஓடிவிடுவாள். ஜாடி திறந்ததும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"எங்க ஊருத் தண்ணிக்கா இது. இந்த டிரைவர் அண்ணன் சோம்பேறி. படகு நிக்கிற எடத்துலயே மோந்திருக்காவ. கொஞ்சம் தள்ளிப் போனா இம்புட்டுக் கலங்கல் இருக்காது."

"உப்புத் தண்ணியில அம்புட்டையும் கண்டுபிடிச்சிருவியா?"

"ஏங்க்கா, உங்க ஊருக் கெணத்துத் தண்ணி உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணாச்சி சிரித்த முகத்தோடுதான் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மோந்திருக்காக."

அவளுக்குப் புரியவில்லை.

"இங்கன 'காவ'ன்னா சிரிப்பாக. மோந்திருக்காகன்னு சொல்லணும். இன்னைக்கே வேண்டாம். பைய வரட்டும்."

பையத்தான் எல்லாம் நடந்தது. தினமும் மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். அது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு மாதம் ஒருநாள். அவள் சத்தமாகச் சிரித்தால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. சிரிப்பு அடங்கும்வரை கையில் இருப்பதை வைத்துவிட்டு, காத்திருந்து, பிறகு பேச்சைத் தொடர்வார். சில மாதத்தில் அவளே வாயைக் கையால் மூடிச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். வாசலில் நின்று தெருப் பெண்களோடு பேசுவது, கொண்டை போடாமல் பின்னிக்கொள்வது, அம்மா மாதாமாதம் வந்து போனது என்று ஒவ்வொன்றாக ஒரு கோப்பை வெளியே போயிற்று. ஒரு கோப்பை உள்ளே வந்தது. ஒருநாளும் அவர் குரல் உயர்ந்ததில்லை.

நான் இதைக் கணவரிடம் சொன்னபோது, "அடிக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "குடிக்கிறாரா?" இல்லை. "அப்புறம் என்ன?" என்று தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்போதெல்லாம் அவள் வீட்டில் வாணத்துக்குத் தாள் குழாய் உருட்டிக்கொண்டிருப்பாள். என் மகன் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"அடிச்சா, அடிச்சாவன்னு எங்கம்மாட்டச் சொல்லலாம். எதைச் சொல்ல? நல்லாத்தான் வச்சிருக்காவ" என்றாள். உடனே வாசலைப் பார்த்துவிட்டு, "வச்சிருக்காக" என்று திருத்திக்கொண்டாள்.

அவர் அநியாயக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. அவர் வளர்த்த மீன் ஒன்று அந்தச் சமயத்தில் திடீரென்று சுருண்டு, வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து, கால்கள் தனித்தனியாகக் கழன்று செத்துப்போனது. குழாய் ஒட்டுகிற பசையில் பூச்சியும் எலியும் வராமல் இருக்க மயில்துத்தம் என்ற நீல விஷத்தைக் கலப்பார்கள். அந்தப் பெண் பசைக் கையைத் தொட்டியில் நனைத்திருப்பாள் என்று தெருவே பேசியது. அவளும் பயந்து, எங்கள் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். அவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் தொட்டிக்குத் தண்ணீர் மொள்ளும் தன்னுடைய எனாமல் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் எனாமல் உதிர்ந்த இடத்தில் லேசான நீலம். பசைக்குத் துத்தம் அளந்து கரைத்தது அவர்தான், அந்தக் கோப்பையில்தான்.

"அவ மேல தப்பில்ல. நான்தான் கொன்னுட்டேன்" என்று என் காதுபடவும் அவள் காதுபடவும் சொன்னார். கோப்பையைக் கொண்டுபோய் ஊர்க் குப்பையில் போட்டுவிட்டு, மீனை முருங்கை மரத்தடியில் புதைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கலக்கமெல்லாம் கரைந்துபோயிற்று. ஒரு புழு போன்ற ஜீவனுக்காகப் பட்டினி கிடக்கிறவரைப் போய் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

இதற்குள் அவள் ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பொங்கலுக்குக் கேட்டாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கேட்டாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று லாரி டிரைவர் வந்து சொன்னபோது என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். நான் தயங்கித் தயங்கி, "ஒருநடை பாத்துட்டு வந்துரட்டும் அண்ணாச்சி. தீப்பெட்டி லாரிதான் வாராவாரம் போகுதே" என்றேன்.

"போகட்டும், நான் வேண்டாங்கல. இப்பத்தான் இங்கன காலு ஊனியிருக்கா. இப்பப் போய் அந்தத் தண்ணியில போட்டா, திரும்பி வந்து மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு நாளைக்கு இங்கன, ரெண்டு நாளைக்கு அங்கனன்னா எந்த உயிரும் தாங்காது. அவளுக்குத்தான் கஷ்டம்."

அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். உண்மையான பிரியத்தோடு சொன்னார்.

மார்கழியில் ஒருநாள் லாரி வந்தது. ஜாடிகள் காலியாக இருந்தன. டிரைவர் அண்ணாச்சியைத் தெருமுனைக்கு அழைத்துப்போய்ப் பேசிவிட்டுப் போனார். அண்ணாச்சி உள்ளே வந்து, "ஒங்க அம்மாளுக்குக் கொஞ்சம் காய்ச்சலாம்" என்றார். அவள் அழுதாள். "காய்ச்சல்தான, இருமலுக்கு வந்திருக்கும்" என்று மோர் கரைத்துக் கொடுத்தார். மறுநாள், "காய்ச்சல் எறங்கலையாம்" என்றார். அன்றும் கம்பெனிக்குப் போகாமல் அவளுக்குச் சோறு பொங்கிப் போட்டுத் தானும் சாப்பிட்டார். அதற்கு மறுநாள், "ஆஸ்பத்திரியில சேத்திருக்காகளாம். வயசான உடம்பு. எதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கோ" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். இப்பப் பதறிக்கிட்டுப் போகாத" என்று பையை வாங்கி உள்ளே வைத்தார். ஒவ்வொரு நாளும் அவருக்கு இந்தச் செய்தி எப்படி வருகிறது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கம்பெனிக்குப் போன் வந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மகனுக்கு ஓமத்திரவம் வாங்கக் கடைவீதிக்குப் போனேன். பெட்ரோல் பங்குக்கு எதிரே அந்த லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்து இறங்கி வந்தார்.

"ஏம்மா, அந்தப் பிள்ள அம்மா செத்த துட்டிக்கே வரலையே. மக வருவா, மக வருவான்னு பொழுது சாயுற வரைக்கும் பிணத்த வச்சுக்கிட்டுக் கெடந்தாக. பெறகு எடுத்துட்டாக. நான் அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட வெவரமாச் சொல்லிட்டுத்தான போனேன். நீ ஒண்ணும் வீட்டுல சொல்லிக்கிறாத, நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னாக."

ஓமத்திரவம் வாங்காமலே திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நான் சொல்லலாமா, குடியிருக்கிற வீட்டில் இப்படித் தலையிடலாமா, அவரிடமே முதலில் கேட்பதுதான் முறையா, என் கணவர் என்ன சொல்வார். வீடு வருவதற்குள் ஒன்றும் முடிவாகவில்லை. அண்ணாச்சி முன்னறையில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஊருல இருந்து ஏதும் சொன்னாகளாக்கா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகு நான் என்ன செய்ய?

"உங்க அம்மா செத்துப்போயிட்டாங்க. அன்னைக்கு லாரி வந்தப்பவே செத்துப்போயிட்டாங்க. அடக்கம் முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. "மொதல்ல காய்ச்சல்னாவ" என்றாள். அவளுடைய ஊர்ப் பேச்சு அப்படியே திரும்பி வந்திருந்தது. "மொதல்ல கொஞ்சம் காய்ச்சல்னாவ." எழுந்து, பையைக்கூட எடுக்காமல், முன்வாசல் வழியாக அவரைக் கடந்து போனாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்து தூத்துக்குடிக்குப் போய்விடுவாள். ஜன்னல் வழியாக என் மகன் கன்னத்தைத் தொட்டாள்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி வாசலில் நின்றார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று பயந்தேன். அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

"ஏன் டீச்சரம்மா, படிச்சவுக நீங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லியிருக்கலாம்ல? நான் பாதித் தூரம் கொண்டுவந்துட்டேனே. நாளைக்குச் சொல்லியிருந்தா அவளுக்கு வலிச்சே இருக்காது."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவருக்கு அது தந்திரமாகவே தெரியவில்லை. அதனால்தான் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. இப்போது என் மகனுக்கு ஊசி போடும்போது நர்ஸம்மா, "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் கண்ணு" என்பார்கள். வலிக்கும் என்று நான் சொல்லிவிடுவேன். அவன் ஆஸ்பத்திரியே அதிரக் கத்துவான். நான் செய்வது சரிதானா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும். அடுத்த தடவையும் வலிக்கும் என்றுதான் சொல்வேன்.

அவள் திரும்பி வந்தாள். இட்லிக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அவள் போய் இருக்க அங்கே வேறு இடமில்லை. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுக்கே போய் அழைத்து வந்தார். மறுபடியும் சில நாள் அவளை அடுப்படிக்கு விடாமல் தானே பொங்கிப் போட்டார். இந்த முறை அவள் சீக்கிரமே பழகிவிட்டாள். சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை, 'காவ' இல்லை. தண்ணீர் ஜாடி வந்தால் வாசலுக்கு வருவதில்லை. "பாத்தீகளா, தேறிட்டா" என்றார் என்னிடம்.

நாங்கள் வேறு வீடு பார்த்துவிட்டோம். சாமான் கட்டிக்கொண்டிருந்த சமயம் அவருக்குப் புது மீன் ஒன்று வந்தது. காலையிலிருந்து கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் கம்பெனியிலிருந்து ஆள் வந்து உடனே வரச்சொல்லிக் கூப்பிட்டது. அவர் கோப்பையை முதல்முறையாக அவளிடம் கொடுத்தார்.

"அவசரப்படாத. நான் வர்ற வரைக்கும் இதே மாதிரி மாத்திக்கிட்டே இரு. இனிமே ஒனக்குத் தெரியும்."

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். நான் பிள்ளையோடு கதவருகில் இருந்தேன். கோப்பையைத் தரையில் வைத்தாள். வாளியை இரண்டு கையாலும் தூக்கி, பழைய தண்ணீர், பாசி, மீன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரேயடியாகத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். மீன் மல்லாக்க விழுந்து அடியில் போய்க் கிடந்தது. அதன் கால் ஒன்று மெதுவாகச் சுருண்டது. ஜாடித் தண்ணீர் வந்த நாட்களில் செய்வாளே, அதுபோல விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன பிள்ள இப்படிப் பண்ணிட்ட?" என்றேன்.

"பழகிரும்க்கா" என்றாள்.

வாளியைக் கழுவி, குனிந்து, ஒரு சின்னச் சத்தம்கூட வராமல் கவிழ்த்து வைத்தாள்.